எட்டு நாளைக்கு ஒரு தண்ணி

காட்டில் பயிர்ப் பச்சை நின்றால்தான் கிணற்றில் தண்ணி முறை. எங்கள் பக்கத்து வழக்கம் அது. யாரும் எழுதி வைக்கவில்லை. எழுதி வைத்ததைவிடக் கெட்டி.

கிணறு எனக்கும் அண்ணனுக்கும் பொது. அப்பா பாகம் பிரித்தபோது ஆளுக்குப் பாதி. ஒரு நாள் அவர் முறை, ஒரு நாள் என் முறை. பிறகு நான் வண்டன்மேட்டுப் பக்கம் ஏலக்காய்த் தோட்டத்தில் மருந்து அடிக்கப் போய்விட்டேன். பதினெட்டு வருசம். பெண்டாட்டி இங்கே மாட்டைப் பார்த்துக்கொண்டாள். காடு சும்மா கிடந்தது. என் முறைத் தண்ணியும் அண்ணனின் தென்னைக்கே போனது. அதில் தப்பு ஒன்றும் இல்லை. தரிசுக்கு எவன் தண்ணி விடுவான்.

தோட்டம் கை மாறியது. புது முதலாளி வேறு ஆள் வைத்துக்கொண்டார். கம்பம்மெட்டு வழியாக இறங்கி, கம்பம், தேனி, பொள்ளாச்சி என்று பஸ் மாறி மாறி, எல்லை தாண்டி மலையாளப் பக்கம் இருக்கும் எங்கள் ஊர் வந்து சேர்ந்தேன். ஒரு பெட்டி, ஒரு கம்பளி. கம்பளிக்கு இங்கே வேலை இல்லை.

மறுநாள் காலையில் மண்வெட்டியோடு காட்டுக்குப் போனேன். எழுபது செண்ட். முள் மண்டிக் கிடந்தது. அண்ணன் மோட்டார் ரூம் படியில் உட்கார்ந்திருந்தார்.

“என்னடா, பேரீச்சை நடப் போறியா?”

“தட்டப்பயிறு போடறேனுங்கண்ணா. என் மொறைத் தண்ணி வேணுமுங்க.”

“பச்சை எங்கடா இருக்குது, மொறை கேக்கறதுக்கு?”

“தண்ணி விட்டாத்தானுங்க பச்சை.”

“பச்சை இருந்தாத்தான் தண்ணி.”

இது இப்படியே சுற்றும் என்று தெரிந்தது. சாயங்காலம் பால் சொசைட்டிக்குப் போனோம். எங்கள் ஊரில் வழக்குப் பேசுவது அங்கேதான். பால் ஊற்ற எல்லாரும் வருவார்கள், யாரையும் தனியாகக் கூப்பிட வேண்டியதில்லை. பால் அளக்கிறவர் பெரியவர். ரெண்டு பேருக்கும் வேண்டியவர். அளந்துகொண்டே கேட்டார், அளந்துகொண்டே சொன்னார்.

“இப்போதைக்கு எட்டு நாளைக்கு ஒரு தண்ணி. பயிற அறுப்பு வரைக்கும் கொண்டுவா. கொண்டுவந்தா பழையபடி பாதி மொறை. காஞ்சு போச்சுன்னா அப்புறம் கெணத்தப் பத்திப் பேசப்படாது. விட்ட மொறை கெட்ட மொறை. அதுவும் ஞாபகம் இருக்கட்டும்.”

விட்ட முறை கெட்ட முறை என்றால், நம் நாளில் தண்ணி எடுக்க முடியாமல் போனால் அது போனதுதான். கரண்ட் இல்லை, காய்ச்சல், சாவு, எதுவானாலும் சரி. மறுநாளைக் கேட்க முடியாது.

அண்ணன் கேனை மூடிக்கொண்டே சொன்னார். “தை மாசக் காத்துல எட்டு நாளைக்கு ஒரு தண்ணி. பாக்கலாம்.”

“பாக்கலாமுங்க” என்றேன்.

வீட்டுக்கு வந்து சொன்னேன். பெண்டாட்டி மாட்டுக்குத் தவிடு கலக்கிக்கொண்டிருந்தாள்.

“நீங்க ஒத்துக்கிட்டு வந்துட்டீங்களாக்கும்.”

“ஆமா.”

“பயிறு ஒத்துக்குமா?”

முள் வெட்ட அரிவாளைத் தீட்ட உட்கார்ந்தேன்.

முள் வெட்டி, உழுது, வரிசை வரிசையாகப் பார் பிடித்து, விதைத்தோம். முளைப்பு நன்றாக இருந்தது. பிறகு காற்று ஆரம்பித்தது. மலை விட்ட சந்தில் கிழக்கே இருந்து வரும் காற்று. துவைத்துப் போட்ட வேட்டி அரை மணியில் காயும். பயிரும் அப்படித்தான் காயும், வேட்டிபோல மறுபடி நனைத்துக்கொள்ளத்தான் முடியாது. மோட்டார் மூணு மணி நேரம் ஓடினால் கிணறு மண்ணைக் காட்டும். ஊறியபின் மறுபடி ஒரு மூணு மணி. அவ்வளவுதான் என் நாள். எழுபது செண்டுக்கும் அது பாயாது. ஒரு வாய்க்கால் விட்டு ஒரு வாய்க்கால் பாய்ச்சினேன். அடுத்த முறைக்கு, விட்டுப்போன வாய்க்கால். மேற்கே ஒரு மூலை மேடு. அங்கே தண்ணி ஏறவே இல்லை.

விவசாய ஆபீசுக்கு, கிருஷி பவனுக்குப் போனேன். ஆபீசர் ஒரு பொம்பளைப் பிள்ளை. மலையாளத்தில் பாதி, தமிழில் பாதி பேசினார்.

“சேட்டா, கொடி ஓடும்போ தண்ணி கொறைஞ்சாலும் சாரமில்ல, பரவாயில்ல. பூ, காய், அந்த ரெண்டு நேரத்துல மாத்திரம் முடக்கக் கூடாது. பின்ன பொட்டாஷ். மண்ணுல இட வேண்டா. இலையில அடிக்கணும்.”

“இலையில எதுக்குங்க?”

அவர் கையை விரித்துக் காட்டினார். “இலைக்கு வாய் உண்டு. நெறைய உண்டு. காத்தடிச்சா அது வழியா நீர் போகும். பொட்டாஷ் இருந்தா,” கையை மூடினார், “நேரத்துக்கு வாயை அடைக்க இலைக்கு அறியும்.”

புரிந்தது. வாயை மூடத் தெரிந்தவன் பிழைப்பான். தோட்டத்தில் நான் அப்படித்தான் பிழைத்தேன்.

ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தார். சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். சீட்டு மலையாளத்தில் இருந்தது. எனக்குப் பேச வரும், படிக்க வராது. என்ன எழுதியிருக்கிறது என்று கேட்கவும் இல்லை. பதினெட்டு வருசம் மருந்து அடித்தவனுக்கு சீட்டு எதற்கு என்று ஒரு நினைப்பு.

வீட்டில் ரெண்டு தென்னைக்கு வாங்கின சிவப்புப் பொட்டாஷ் கிடந்தது. பொட்டாஷ்தானே. தோட்டத்தில் எல்லாம் பிடிக் கணக்குதான், டேங்குக்கு இத்தனை பிடி என்று. அதே கை. மூணு பிடி போட்டுக் கலக்கினேன். என் முறை நாளில் முதல் மூணு மணித் தண்ணி வாய்க்காலில் பாய்ந்து முடிந்தது. டேங்கைத் தோளில் மாட்டினேன். உச்சி வெயில். மலையிலும் உச்சியில்தான் அடிப்போம். காலையில் அங்கே இலை எல்லாம் பனி சொட்டும். பனி போனபின் அடித்தால்தான் மருந்து நிற்கும். உடம்பு பழகின நேரம் அது. உடம்பு யோசிப்பதில்லை.

காட்டின் மேல்பாதி அடித்து முடித்தபோது பொட்டாஷ் தீர்ந்தது. தீர்ந்தது நல்லதாகப் போயிற்று.

மறுநாள் காலையில் மேல்பாதி முழுக்க இலை ஓரம் பழுப்பாகி, பீடி சுட்ட மாதிரி சுருண்டிருந்தது. அண்ணன் வரப்பில் நின்று பார்த்தார். அவசரமே இல்லாமல் பார்த்தார்.

“காட்டுலயே வறுத்துட்டியாடா. அம்மிணிக்கு வெறகு மிச்சம்.”

அவர் சொன்னதில் தப்பு இல்லை. பெண்டாட்டி ஓர் இலையைக் கிள்ளி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். அண்ணன் போனபின் கேட்டாள்.

“ஏனுங்க, அங்க மலையில மருந்தடிக்கறப்ப மேல என்ன இருக்கும்?”

“மரம். நெழலு மரம்.”

“இங்க மேல என்ன இருக்குது?”

அண்ணாந்து பார்த்தேன். ஒன்றும் இல்லை.

பயிரைப் பிடுங்கிவிட்டு வேறு விதைக்கலாமா என்று ஒரு நாள் யோசித்தேன். பிடுங்கினால் பச்சை போயிற்று. பச்சை போனால் முறை போயிற்று. கருகினாலும் அது நின்றுகொண்டிருக்கிறது. நிற்கிறவரைக்கும் நானும் நிற்கிறேன் என்று விட்டேன்.

மறுபடி கிருஷி பவனுக்குப் போய் நடந்ததைச் சொன்னேன். மறைத்து என்ன ஆகப்போகிறது.

“சிவப்பா? சேட்டா, நான் வெள்ளைன்னுதானே எழுதினேன். பத்து லிட்டருக்கு அம்பது கிராம். வெயில் தாழ்ந்தபின்ன. எல்லாம் எழுதியிருக்கே.”

“எழுதுனீங்க. எனக்கு மலையாளம் படிக்க வராதுங்க.”

இதைப் பதினெட்டு வருசத்தில் ஒருத்தரிடமும் சொன்னதில்லை. அவர் சிரிக்கவில்லை. சீட்டை வாங்கித் திருப்பினார். பின்பக்கம் தமிழில் எழுத ஆரம்பித்தார். நாக்கைக் கடித்துக்கொண்டு, ஒவ்வோர் எழுத்தாக. வெள்ளை. ஐம்பது. சாயங்காலம். எழுத்துக் கோணல்தான். படிக்க முடிந்தது.

“பயிறு போகாது. தளிர் வரும். நாலஞ்சு பார் மருந்தடிக்காம விடுங்க. வித்தியாசம் நீங்களே காணலாம்.”

வெள்ளைப் பொட்டாஷுக்கு ஜங்ஷனில் பாய் கடைக்குப் போனேன். பாய் பொட்டலத்தைப் பிரித்துக் காட்டினார்.

“பாத்துக்குங்க. சக்கரைன்னு சாயாவுல போட்டுராதீங்க. இலைக்கு ஊட்டி விடறதுக்கு ஏலக்காயும் சேத்துப் போடட்டுமா?”

“அத நான் அங்கயே விட்டுட்டு வந்துட்டேன் பாய்.”

சாயங்காலம் அடிக்கவேண்டும் என்றால் சாயங்காலம் தண்ணி வேண்டும். என் நாளில் சாயங்காலத்துக்குள் கிணறு வற்றிவிடும். அதனால் அடுத்த முறை அன்றைக்கு, வாய்க்காலுக்குத் திருப்பும் முன்னாலேயே, ரெண்டு நீல டிரம்மை நிரப்பினேன். ரெண்டும் காட்டு ஓரத்தில் நின்றன. அண்ணன் வந்தார்.

“இதென்னடா?”

“டிரம்முங்க.”

“எனக்குக் கண்ணு நல்லாத்தான் தெரியுது. மொறைத் தண்ணி வாய்க்கால்ல ஓடோணும். தேக்கி வெக்கறது வழக்கமில்ல.”

“இலைக்கு அடிக்கறதுக்குங்க.”

“எதுக்கோ. நாளைக்கு எம்பட மொறை. நாளைக்கு இங்க நிக்கற தண்ணி என் தண்ணி.”

“இன்னைக்கு எறைச்ச தண்ணிங்க.”

“கவுத்துடு.”

“நான் கவுக்க மாட்டேன். நீங்க வேணும்னா கவுத்துக்கங்க.”

அப்படி நான் அண்ணனிடம் பேசினது அதுதான் முதல் தடவை. அவர் டிரம் விளிம்பில் கை வைத்தார். இருநூறு லிட்டர். சின்ன வயசில் என்றால் சாய்த்திருப்பார். கொஞ்ச நேரம் கை அங்கேயே இருந்தது. பெண்டாட்டி தலையில் புல்லுக் கட்டோடு வந்தாள். கட்டை இறக்கி அந்த டிரம்மின் வாய்மேலேயே வைத்தாள்.

“மாமா, கைய எடுத்துக்கங்க. சேறு ஒட்டுது.”

எடுத்துக்கொண்டார். போய்விட்டார்.

அன்றைக்கு வெயில் இறங்கினபின் அடித்தேன். அந்நேரம் காற்று கொஞ்சம் ஓயும். பிடிக் கணக்கு இல்லை. பாய் கடைத் தராசில் ஐம்பது ஐம்பதாகப் போட்டு வாங்கின பொட்டலங்கள். பயிரில் அப்போதுதான் மொட்டுக் கண்டிருந்தது. மேட்டு மூலைக்கும் அடித்தேன். கிழக்கு வரப்போரம் நாலு பார் மட்டும் அடிக்காமல் விட்டேன். ஒரு டிரம் மிச்சம். சாக்கைப் போட்டு மூடினேன்.

ஏழாம் நாள் மோட்டார் எரிந்தது. அண்ணன் முறையில் எரிந்தது. அவர் வேண்டுமென்று செய்யவில்லை, அவர் தென்னையும்தான் நின்றது. மெக்கானிக் கழற்றிக்கொண்டு போய் நாலு நாள் வைத்துக்கொண்டான். எட்டாம் நாள் என் முறை. போயிற்று.

அண்ணன் வாசலில் நின்று சொன்னார். “விட்ட மொறை கெட்ட மொறை. நாஞ் சொன்னதில்ல. சொசைட்டியில சொன்னது.”

ஒரு நாள் கொடுங்கள் என்று கேட்க வாய் வந்தது. மூடிக்கொண்டேன். கேட்டிருந்தால் கொடுத்திருப்பாரோ என்னவோ. அப்புறம் அந்தக் கிணறு அவர் கொடுத்த கிணறு ஆகிவிடும்.

பூ எடுக்கிற நேரம். அடுத்த தண்ணி இனிப் பதினாறாம் நாள்தான். தண்ணி முடக்கக் கூடாது என்று ஆபீசர் சொன்ன அதே நேரம். என்னிடம் இருந்தது ஒரு டிரம் தண்ணியும் சில பொட்டலமும். பத்தாம் நாள் சாயங்காலம் மறுபடி அடித்தேன். காய்க்கு என்று வைத்திருந்தது, பூவுக்கே போனது.

அதன்பின் செய்ய ஒன்றும் இல்லை. வரப்பில் உட்கார்ந்திருந்தேன். மதியம் எல்லாப் பயிரும் ஒரே மாதிரி தலை தொங்கும். அடித்தது, அடிக்காதது வித்தியாசம் தெரியாது. வெயில் சாய்ந்தபின் அடித்த பயிர் தலை தூக்கும். மெதுவாகத் தூக்கும், ஆனால் தூக்கும். அந்த நாலு பார் தூக்காது. பன்னிரண்டாம் நாள் அந்த நாலு பாருக்கு அடியில் பூ உதிர்ந்து கிடந்தது. மற்றதிலும் உதிர்ந்தது. இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் கொடியிலும் பூ இருந்தது.

பெண்டாட்டி பால் கறந்துவிட்டு ஒரு நடை வந்து பார்ப்பாள்.

“இருக்குதா?”

“இருக்குது.”

போய்விடுவாள். பதினாறு நாளும் இதே பேச்சுதான்.

பொட்டாஷ் தண்ணி ஆகாது. அதை அந்த நாட்களில் நான் கண்ணால் பார்த்தேன். அது பயிரைக் காத்திருக்க வைக்கும். அவ்வளவுதான். காத்திருந்தபின் தண்ணி வந்தே ஆகவேண்டும்.

பதினாறாம் நாள் மோட்டார் ஓடியது. கீழ்க்கடைசி வாய்க்கால் வரைக்கும் தண்ணிகூடவே நடந்தேன். டிரம்மையும் நிரப்பினேன். அண்ணன் பார்த்துக்கொண்டே போனார். காய் பிடித்தபோது இன்னொரு தடவை அடித்தேன்.

மூணு தடவையாகக் காய் பறித்தோம். தார்ப்பாயில் காயப்போட்டுத் தடியால் அடித்து, தூற்றி எடுத்தோம். கீழ்ப்பாதி நன்றாக இருந்தது. நான் வறுத்த மேல்பாதி பின்தங்கி வந்தது, சுமார். மருந்தில்லாத நாலு பாரில் ஒரு முறம் தேறியது. மூட்டையைச் சைக்கிளில் வைத்துச் சாயங்காலம் பால் சொசைட்டிக்குத் தள்ளிக்கொண்டு போனேன். பெண்டாட்டி பால் கேனோடு பின்னால் வந்தாள்.

பால் அளக்கிறவர் மூட்டைக்குள் கைவிட்டுப் பயிறை எடுத்து வாயில் போட்டுக் கடித்தார்.

“நல்ல கெட்டி” என்றார். “சொன்னபடி கொண்டுவந்துட்டான். என்ன சொல்றீங்க?”

அண்ணனும் ஒரு பிடி எடுத்துப் பார்த்தார். அவர் குரலில் கோபமே இல்லை.

“கொண்டுவந்தான், நாயம்தான். நான் இல்லேங்கல. எட்டு நாளைக்கு ஒரு தண்ணி. நடுவுல பதினாறு நாள் அதுவும் இல்ல. அப்படியும் இந்தக் காய் காச்சிருக்குது. அப்புறம் இவனுக்கு எதுக்குப் பாதிக் கெணறு? பொட்டாசு அடிச்சுக்கட்டும். தென்னைக்கு அடிக்க முடியுமா? நானென்ன ஏணி வெச்சா ஏறுவேன்?”

எல்லாரும் சிரித்தார்கள். பால் அளக்கிறவரும் சிரித்தார். சிரிப்பு அந்தப் பக்கம் போனால் வழக்கும் அந்தப் பக்கம் போகும். எனக்குத் தெரியும்.

பெண்டாட்டி முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். அதில் கொஞ்சம் காய் வைத்திருந்தாள். எனக்கே தெரியாது.

“மாமா, இது மேட்டு மூலையுதுங்க. தண்ணி ஏறாத எடம். இதுக்கும் மூணு தடவை மருந்து அடிச்சாருங்க. உரிச்சுப் பாருங்க.”

அண்ணன் ஒரு காயை நசுக்கினார். பொக்கு. இன்னொன்று. அதுவும் பொக்கு. மூணாவதைப் பால் அளக்கிறவர் வாங்கி நசுக்கினார். சிரிப்பு நின்றது.

அப்போது நான் பேசினேன்.

“அண்ணா, காடு சும்மா கெடந்தப்ப, பச்சை இல்ல, அதனால தண்ணி இல்லேன்னீங்க. இப்பப் பச்சை வந்துருச்சு, அதனால தண்ணி வேண்டாங்கறீங்க. காஞ்சாலும் இல்ல, வெளஞ்சாலும் இல்ல. அப்ப எப்பத்தானுங்க எனக்குத் தண்ணி? நான் இலைக்கு அடிச்சது வம்புக்கு இல்லீங்க. நீங்க குடுத்தது பத்தாம அடிச்சது. கேட்டதும் உங்களுதை இல்ல. அப்பன் குடுத்த பாதிய.”

அவ்வளவு நீளமாக நான் அதற்கு முன் பேசினதில்லை.

பால் அளக்கிறவர் கேனைக் கழுவிக் கவிழ்த்தார். “நாயம் இருக்குது. அதுக்குன்னு இன்னைக்கே முடிவு சொல்லோணுமா? ஒரு வாரம் போகட்டும், நிதானமாப் பேசலாம்.”

“பேசறது பேசுங்க” என்றேன். “நாளைக்கு எம்பட மொறைங்க.”

அது எட்டாம் நாள் கணக்கு இல்லை. ஒரு நாள் விட்டு ஒரு நாள் கணக்கு. அங்கே இருந்த எல்லாருக்கும் அது தெரியும்.

மறுநாள் விடிந்ததும் மோட்டார் ரூம் படியில் போய் உட்கார்ந்தேன். எப்போதும் அண்ணன் உட்காரும் படி. சாவி அவர் அரைஞாண் கயிற்றில் இருக்கும். பல்லில் குச்சியோடு வந்தார். என்னைப் பார்த்தார். எழுந்திருக்கச் சொல்லிப் பார்த்த பார்வை. நான் எழுந்திருக்கவில்லை. கையை மட்டும் நீட்டினேன்.

கொஞ்ச நேரம் குச்சியை மென்றார். எச்சிலைத் துப்பினார். சாவியைக் கழற்றினார்.

“இந்தா. டிரம்மு மட்டும் வெக்கப்படாது.”

“வெப்பேனுங்க.”

சாவியை என் கையில் போட்டுவிட்டுத் தென்னைப் பக்கம் நடந்தார்.

மோட்டாரைப் போட்டேன். தண்ணி வந்தது. வாய்க்காலுக்குத் திருப்பும் முன்னால் முதலில் டிரம்மை நிரப்பினேன்.